மனை எண் பதினான்கு, தென்மேற்கு ஜன்னல்

டான்காஸ்டர் ரயில் பாதைக்கு அப்பால்
இன்னும் கட்டாத ஒரு வீட்டின் மாடியறையில்
நேற்றிரவு இருபத்தாறரை டிகிரி
என்கிறது கணினி.
செங்கல் ஒன்றுகூட வந்து இறங்கவில்லை,
அதற்குள் வியர்க்கிறது வீட்டுக்கு.

என் பிழைப்பு இது:
வராத கோடையை
இல்லாத அறைக்குள் விட்டுப் பார்ப்பது.

விதிகள் இரண்டு.
ஒரே கட்டடத்தில் எழுதப்பட்டவை,
ஒன்றோடொன்று முகம் கொடுத்துப் பேசாதவை.
குளிருக்கு அஞ்சிய ஒன்று
இழை காற்றும் கசியக் கூடாது என்கிறது.
வெயிலுக்கு அஞ்சிய மற்றது
உள்ளே வந்ததை வெளியே போகவிடு என்கிறது.
இரண்டின் அடியிலும் கையெழுத்துப் போடுகிறவள் நான்.

சுவரைப் பிளாஸ்க் ஆக்கிவிட்டோம்.
ஊற்றியது தேநீரா வெயிலா என்று
பிளாஸ்க்குக்கு என்ன தெரியும்?

ஜனவரியில் அந்த ஜன்னல் மகராசி,
காசு வாங்காமல் கொஞ்சம் சூடு தருவாள்.
ஜூலையில் அவளே கூண்டில் நிற்கிறாள்.
"கண்ணாடியைக் குறை" என்றார்
கட்டுமான நிறுவனத்து ஓல்ட்ராய்ட்.
பிறகு, "விற்பனைப் படத்தில் மட்டும் குறைத்துவிடாதே."
குறைத்தேன்.
தரையிலிருந்து முழங்கால்வரை செங்கல் ஏறியது.

என் கணக்குக்குள் இருவர் குடியிருக்கிறார்கள்.
பெயர் கிடையாது.
பத்துக்குப் படுத்து ஏழுக்கு எழுவார்கள்.
பகலில் இருபத்திரண்டு டிகிரி தாண்டினால்
சலிக்காமல் போய் ஜன்னலைத் திறப்பார்கள்.
காய்ச்சல் வராது. பிள்ளை பிறக்காது.
சண்டை போட்டுக்கொண்டு ஒருவர்
கூடத்தில் போய்ப் படுத்ததில்லை இதுவரை.
அவர்கள் உறங்கும் வேளையில்
ஆண்டுக்கு முப்பத்திரண்டு மணி நேரம்
அறை இருபத்தாறைத் தாண்டிக்கொள்ளலாம்.
முப்பத்துமூன்றாவது மணியில்தான்
விதிக்கு வியர்க்கும்.

இரவெல்லாம் சரக்கு ரயில் ஓடும்,
ஜன்னலைச் சாத்தியே கணக்கிடு என்றது
ஒலி அறிக்கை.
நாற்பத்தொன்று.
காற்றுக் குழாயைப் பருக்கவைத்தேன், முப்பத்தைந்து.
கண்ணாடிக்குச் சாயம் பூசினேன், இருபத்தெட்டு.
பச்சை விளக்கு. தேர்ச்சி.

பிறகு கிராஜினா வந்தாள்.
பார்சல் கிடங்கில் இரவு வேலை,
பதினான்குக்கு முன்பணம் கட்டியவள்.
பூச்சு காயாத மாடியறையில் நின்று கேட்டாள்:
"மதியம் மூன்று மணிக்கு இங்கே எப்படி இருக்கும்?"
மூன்று மணிக்குப் படுக்கையறையில் யார் இருப்பார்கள் என்றேன்.
"நான். தூங்கிக்கொண்டு."

பழைய அலுவலகத்தைத் தடுத்துப் பிரித்த
என் நான்காம் மாடி வீட்டில் அன்று முப்பத்தொன்று.
பாத்திரம் கழுவும் பேசினில் தண்ணீர் பிடித்து
அதில் கால்களை வைத்துக்கொண்டு
அந்தப் பெயரில்லாத இருவரையும்
பட்டப்பகலில் படுக்கவைத்தேன்.
முணுமுணுக்காமல் படுத்தார்கள்.

இருநூற்றுப் பதினொன்று.

கோப்புக்கு அவள் பெயரையே வைத்து அனுப்பினேன்.
ஓல்ட்ராய்டிடமிருந்து ஒரே வரி:
"இதை யார் கேட்டது?"
ஜன்னலுக்கு வெளியே மர மூடிகள் கேட்டுப் பார்த்தேன்.
தெருவின் தோற்றத்துக்கு ஒவ்வாது என்றது நகரமன்றம்.
தெருவுக்கு அப்போது
தோற்றம் என்று ஒன்று இருக்கவில்லை,
சேறும் ஒரு பெயர்ப்பலகையும்தான்.

இந்த ஆகஸ்டில் லீட்ஸ் போகும் ரயிலில்
அந்தப் பக்கத்து இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்தேன்.
பதினான்கில் சமையலறை வெள்ளித்தாள்,
உள்ளிருந்து ஒட்டியது, ஒரு மூலை பிரிந்தது.
கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயிலை
அது என்ன செய்துவிடும்.
கொஞ்சம் செய்யும்.
பதினாறிலும் வெள்ளி.
இருபத்தொன்றில் கால்பந்து அணியின் போர்வை.
பாதை வளையும்வரை எண்ணினேன்,
ஒன்பது ஜன்னல்கள்.
ஒன்பதும் தேர்ச்சி பெற்றவை.