ஏழாவது இனம்

ஈரோட்டிலிருந்து மண்டபத்துக்கு
என் வீடு ஒரு லாரியில் வந்தது.
அதற்கு முன்னால் பஸ்ஸில் வந்து சேர்ந்த நான்
வெறுந்தரையில் காத்திருந்தேன்
ஒரு பகல், ஒரு இரவு, மறுநாள் பதினொரு மணிவரை.

இறக்கி முடிந்ததும் எழுதினேன்.
கிரைண்டர் கல்லில் விளிம்பு உடைப்பு.
பீரோ கண்ணாடியில் குறுக்கே ஒரு கோடு.
டைனிங் மேசைக்குக் கால் மூன்று.
நான்காவது, செய்தித்தாள் சுற்றி,
தனி எண் ஒட்டி, தனிப் பொருளாகவே வந்திருந்தது.
மிக்ஸி மூடி. சாமி படத்தின் சட்டம்.
ஆறாவது ஒரு ரப்பர் செடி.
'உயிருள்ளவை ஏற்கப்படா' என்று
ரசீதின் பின்பக்கம் இருக்கிறதாம்; அடித்துவிட்டேன்.
ஏழாவது:
மெத்தை, தலையணை இரண்டு, கம்பளி – வாடை.

எனக்கு முன்னால் அந்த லாரி
யாருடைய நெத்திலியையோ சுமந்திருக்கிறது.

பதினெட்டாம் நாள் பதில் வந்தது.
'காற்று, மழை, வெள்ளம், கடல்கோள்
ஆகியவற்றால் விளையும் சேதத்துக்கு
நிறுவனம் பொறுப்பல்ல.'
இராமநாதபுரம் கிளையில் யாரோ
என் வாடையை வடக்கிலிருந்து வீசவிட்டிருந்தார்கள்.

போனில் கத்தினேன்.
"அது காத்து இல்ல சார், நாத்தம்."
மறுமுனை கொஞ்சம் யோசித்தது.
"அப்ப நாத்தம்னு எழுதியிருக்கணும்ல, மேடம்."

சனிக்கிழமை நேரிலேயே வந்தார்
சீனி இபுறாம்சா, சேத மதிப்பீட்டாளர்.
கையில் கிளிப் வைத்த அட்டை, இடுப்பில் டேப்.
கல்லை அளந்தார்.
கண்ணாடியின் கோட்டை அளந்தார்;
தன் முகம் இரண்டாய்த் தெரிவதைப் பார்த்து
இரண்டிலும் தாடியைச் சரிசெய்துகொண்டார்.
மேசைக் காலைப் பொருத்திப் பார்த்து
"நாலு ஸ்க்ரூ" என்றார், துக்கம் விசாரிப்பவர்போல.

மெத்தையிடம் வந்ததும் அட்டையைக் கீழே வைத்தார்.
குனிந்தார். மோந்தார்.
நிமிர்ந்தார்.
"எதும்மா வாடை?"

அழுகை வந்தது, கோபத்தில்தான்.
தெற்கு ஜன்னலைச் சாத்தினேன்.
வடக்கு ஜன்னலைச் சாத்தினேன்.
இந்த ஊருக்கு இரண்டு பக்கமும் கடல்,
இரண்டு பக்கமும் எதையாவது காயப்போடுகிறார்கள்.
"இப்ப பாருங்க."
பால் திரிந்ததா என்று பார்ப்பவர்போல
மறுபடி குனிந்தார், கண்ணை மூடிக்கொண்டு.

"எங்க வாப்பா பாம்பன்ல கருவாட்டு ஏஜண்டும்மா.
எனக்கெல்லாம் மூக்கு
இதுக்கு மேலதான் ஆரம்பிக்கும்."

பிறகு, எதற்கோ மனசு கேட்காமல்,
கீழே நின்ற லாரி டிரைவரைக் கூப்பிட்டார்.
கதிர்வேல், ஓமலூர்க்காரன்,
கடலைப் பார்ப்பது அது இரண்டாவது தடவை.
"நீ மோந்து சொல்லு."
அவன் கதவைத் தாண்டவே இல்லை.
புறங்கையை மூக்கில் வைத்துக்கொண்டு
என்னை ஒரு தடவை, அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு
தலையை ஆட்டினான்.

எழுதினார் இபுறாம்சா:
'இனம் ஏழு. வாடை உண்டு.
மதிப்பீட்டாளரால் உணர இயலவில்லை.
சாட்சி: ஓட்டுநர்.'

மெத்தைக்கு, தேய்மானம் போக, ஆயிரத்து எண்ணூறு.
எல்லாம் சேர்த்து நான் கேட்டதில் பாதிக்கும் கீழே.
'முழுத் தீர்வாக ஏற்கிறேன்' என்ற வரிக்கு அடியில்
கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது
கதிர்வேல் மேசைக்கடியில் படுத்து
ஒரு இரண்டு ரூபாய்க் காசால்
நான்காவது காலை முடுக்கிக்கொண்டிருந்தான்.

போகும்போது படியில் நின்று அவர் சொன்னார்:
"மழை ஓயட்டும். மெத்தைய மாடியில போடுங்க.
வாடை எறங்குச்சுன்னா
வாடைய அது தூக்கிட்டுப் போயிரும்."

காசோலை என் கவுன்டருக்கே வந்தது.
நானே வாங்கி, நானே முத்திரை குத்தி,
என் கணக்கில் போட்டேன்.
புது மெத்தை வாங்கவில்லை. கேஸ் டெபாசிட்,
வீட்டுக்காரர் கேட்ட இன்னொரு மாத வாடகை.

மாசியில் அண்ணி வந்தாள் ஈரோட்டிலிருந்து.
செருப்பைக் கழற்றியவள்
ஒரு நொடி
உள்ளே வராமல் நின்றாள்.
"என்ன அண்ணி?" என்றேன்.
தெரியாமல்தான் கேட்டேன்.