ஒட்டுத்தாள்

இசைத்தட்டின் நடுவட்டத்தில்
வெள்ளைத் தாள் ஒட்டியவன் நான்தான்.
ஸ்டோக் நகரம், எழுபத்தெட்டு, டிசம்பர்.
சந்தையில் ஒரு சாக்கு அமெரிக்கத் தட்டுகளை
இரண்டு பவுண்டுக்கு வாங்கினேன்.
பாதி கீறல். மீதி பக்திப்பாட்டு.
அடியில் ஒன்று:
ஏழு அங்குலம், ஒஹாயோவில் ஏதோ ஒரு கம்பெனி,
எவனும் கேள்விப்பட்டதில்லை.

ஊசியை வைத்தேன்.
குழாய் ரிப்பேருக்குப் போகவேண்டியவன்
பத்தரை வரை போகவில்லை.
யாரோ வீட்டில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.
ஒழுகட்டும்.

எங்கள் கூட்டத்தின் தர்மம் இது:
யாரிடமும் இல்லாத தட்டை வைத்திருப்பவன் ராஜா.
பெயர் கசிந்தால் மறுவாரமே
நாலு பேர் விமானம் ஏறிவிடுவார்கள்.
அதனால் பெயரை மூடு, பொய்ப்பெயர் எழுது.
மீன் வறுவல் கடை டான்ஸ்லி அம்மாள்
அன்றைக்கு உருளைக்கிழங்கு கொஞ்சம் கூடப் போட்டிருந்தாள்.
எழுதினேன்: மோனா டான்ஸ்லி.

சனி இரவுகள்.
பழைய ஸ்கேட்டிங் கூடம், பவுடர் தூவிய மரத்தரை.
சுரங்கத்திலிருந்தும் பீங்கான் சூளையிலிருந்தும் வந்தவர்கள்
சொட்டுச் சாராயமில்லாமல்
விடியும்வரை சுழல்வார்கள்.
இரண்டாம் அடியில் அந்த டிரம்
ஓர் இமைப்பொழுது பிந்தி விழும்.
அந்த இமைப்பொழுதில்
ஐந்நூறு பேரும் காற்றில் நிற்பார்கள்.
எவனோ மேதை வாசித்திருக்கிறான் என்போம்.

டெரிக் ஓல்டரின்ஷா
தீப்பெட்டி கேட்கிற சாக்கில் தட்டின்மேல் குனிவான்.
பாட்டு முடியும் வெற்றுப் பள்ளத்தில்
யாரோ கீறிவைத்த எண்ணை
உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஓடுவான்.
அடுத்த வாரம் அதையும் மை வைத்து அடைத்தேன்.

பதின்மூன்று வருடம் கழித்து டொலீடோ போனேன்,
இன்னொரு பிரதி தேடி.
பொய் சொல்வானேன்,
அவளைத் தேடி அல்ல.
கம்பெனி முகவரியில் டயர் கடை.
டயர்காரனுக்குப் பாட்டே பிடிக்காது.
தொலைபேசிப் புத்தகத்தில் பெட்டிஃபோர்டுகள் பதினேழு.
சிலர் பட்டென்று வைத்தார்கள்.
ஒருவர் நான் இன்ஷூரன்ஸ் விற்பதாக எண்ணி
தன் இருதய நோயை முழுக்கச் சொன்னார்.
பன்னிரண்டாவது எண்ணில்:
"ஓர்லீனாவா? நான்தான். யார் செத்தது?"

கியர் தொழிற்சாலை தேய்த்துவிட்ட முழங்கால்.
சாய்ந்தபடியே கதவைத் திறந்தாள்.
"முன்னூறு அடிச்சாங்க. நாப்பது வித்துது.
மிச்சத்தை என் கொழுந்தனுங்க
மேலே வீசிவீசிச் சுட்டுப் பழகினானுங்க.
நல்லாப் பறக்கும்."

கூடத்தைப் பற்றிச் சொன்னேன். பவுடரைப் பற்றி.
"என் பாட்டுக்கா ஆடினாங்க?"
வருஷக்கணக்காக.
"என்ன பேர் சொல்லி?"

சொன்னேன்.
காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.
மோனா டான்ஸ்லி. மோனா டான்ஸ்லி.
பல்லிடுக்கு நாரைத் துழாவுவதுபோல்
நாக்கால் அந்தப் பெயரைத் துழாவினாள்.
"அவளுக்காவது காசு குடுத்தீங்களா?"

முந்தின ராத்திரி விடுதி அறையில்
வெந்நீர் பிடித்துத் தாளை உரித்திருந்தேன்,
மரியாதைக்கு.
என் பசை நல்ல பசை.
தாளோடு அவள் பெயரும் வந்துவிட்டது.
மொட்டை வட்டத்தை அவள் கட்டைவிரலால் தடவினாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

பக்கத்துவீட்டிலிருந்து வாங்கிவந்த பெட்டியில்
சுழலவிட்டோம்.
அவள் கூடப் பாடவில்லை, கண் கலங்கவில்லை.
இரண்டாம் அடி வந்ததும் விரலைத் தூக்கினாள்:
"அந்தா, லேட்.
டெல்மார் கடிகாரத்தைப் பாக்குறான்.
பத்து மணிக்கு அவனுக்கு நைட் ஷிப்ட்."

முடிந்ததும் தட்டை எடுத்து
ரொட்டி வைக்கிற இழுப்பறையில் போட்டு மூடினாள்.
நான் வாய் திறக்கவில்லை.
எட்டாயிரம் பவுண்டு இழுப்பறை.

ஊர் திரும்பி நானே டெரிக்கைக் கூப்பிட்டேன்.
ஓர்லீனா பெட்டிஃபோர்டு.
எழுத்துக்கூட்டிச் சொன்னேன், இரண்டு தடவை.
கம்பியில் வெறும் இரைச்சல்.
பேனா தேடுகிறான் என்று தெரிந்தது.
பிறகு கேட்டான்:
"சரி, இன்னும் எத்தனை பிரதி இருக்கு?"