பதினொரு நிமிடம்

வில்னியஸ். மே மாதம். காலை ஏழே கால்.
நச்சு முறிவுப் பிரிவுத் தொலைபேசியில்
ஒரு பெண் பேசுவதற்குள் இருமுறை வாந்தியெடுக்கிறாள்.
பெயர் டங்குவொலே. ஊர் வாரேனா பக்கம்.
நேற்று மாலை பைன் காட்டில் பறித்தது,
நேற்றிரவே வெண்ணெயில் வதக்கியது.

"மூளை மாதிரி மடிப்பு மடிப்பாய் இருக்குமே, அந்தக் காளான்."

அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை.
இருந்தாலும் கேட்டேன், ஏன் சாப்பிட்டீர்கள்?

"பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டேன்.
கலைக்களஞ்சியத்தில் போட்டிருந்தது,
உண்ணத்தக்கது என்று."

ஆம்புலன்சை அனுப்பிவிட்டுப் பக்கத்தைத் திறந்தேன்.
கொடிய நஞ்சு. தடித்த எழுத்து.
பொய் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.
வெட்கத்தில் சொல்வார்கள்,
ஓட்காவை மருந்து என்பதுபோல.

பிறகு, ஏதோ தோன்றி, வரலாறு என்கிற இடத்தில் தொட்டேன்.

எட்டு வருடம். நானூற்றுச் சொச்சம் கைகள்.
ஒருவர் காற்புள்ளி வைக்கிறார், ஒருவர் எடுக்கிறார்,
முதலாமவர் மறுபடி வைக்கிறார்.
லத்தீன் பெயரின் ஓர் எழுத்துக்கு மூன்று நாள் சண்டை.
நேற்று மாலை 6.02க்குப் பெயரில்லாத ஒரு கை
நஞ்சை அழித்து உண்ணத்தக்கது என்று எழுதியிருக்கிறது.
கீழே இன்னொரு வரி:
எங்கள் கணக்கு வாத்தியார் மூளையைவிட ருசி.
அவள் அதுவரை உருட்டிப் பார்க்கவில்லை.

6.13. ர. என்று மட்டும் கையெழுத்திடும் யாரோ
பழையபடி ஆக்கியிருக்கிறார்.
காரணம் என்ற கட்டத்தில் இரண்டே சொல்: சான்று இல்லை.

பதினொரு நிமிடம்.
அதற்குள்தான் அவளுக்கு
காட்டு மேட்டில் சிக்னல் கிடைத்திருக்கிறது.

"இதற்குத்தான் சொல்கிறேன்,
கண்டவனும் எழுதுவதை நம்பாதீர்கள்" என்று
டாக்டர் கின்டவுடாஸ் அலமாரியைத் திறந்தார்.
பழுப்பு அட்டை, பொன்னெழுத்து, மூன்று பேராசிரியர்கள்.
பக்கம் 212ஐ அவரே உரக்கப் படித்தார்:
இருமுறை வேகவைத்து நீரைக் கொட்டினால் உண்ணலாம்.

அச்சான வருடம் 1961.
அந்த வரியைப் பழையபடி ஆக்க
அறுபது வருடமாய் எவருக்கும் வழியில்லை.
டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
நெடுநேரம் துடைத்தார்.

அன்றிரவு நானும் ஒரு பெயர் பதிந்தேன்.
எழுதினேன்: இந்த வசந்தத்தில் மட்டும்
ஒன்பது பேர் எங்களை அழைத்தார்கள்.
நான்கு நிமிடத்தில் காணோம்.
ர. எழுதியிருந்தார்: சொந்த அனுபவம். சான்று தேவை.

சான்றா?
ஒன்பது குரலையும் இந்தக் காதால் கேட்டவள் நான்.
கோபமாக ஒரு பத்தி தட்டினேன்.
அனுப்பவில்லை.
அந்தக் கணக்கு வாத்தியார் மாணவனும்
இப்படித்தானே உறுதியாகத் தட்டியிருப்பான்.
ர.வுக்கு எங்கள் இருவரையும் எப்படித் தெரியும்?

மூன்றாம் நாள் வார்டுக்குப் போனேன்.
டங்குவொலேயின் கண்வெள்ளை மஞ்சளித்திருந்தது.
கல்லீரல் எண்கள் இறங்கத் தொடங்கியிருந்தன.
"அந்தப் பக்கத்தைச் சரி செய்துவிட்டார்களா?"
செய்துவிட்டார்கள் என்றேன்.
எப்போது என்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்,
நீங்கள் கூடையோடு வீடு சேர்வதற்குள் என்று
சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் ஆண்டறிக்கை அக்டோபரில்தான் வரும்.
அதில் ஒன்பது என்று அச்சாகும்.
அதுவரை என் வாக்கியம் வெளியே நிற்கட்டும்.

ர. யாரென்று தெரியாது.
ஆனால் அவர் திருத்திய நேரங்களை வரிசையாய்ப் பார்த்தேன்:
ஐம்பது நிமிடம் மௌனம், ஆறு நிமிடம் வேலை,
மறுபடி ஐம்பது.

நேற்றிரவு ஷிர்மூனையில் கடைசி நிறுத்தம்.
டிராலிபஸ் ஓட்டுநர் விளக்கைக் குறைத்தார்,
உரொட்டியைப் பிட்டு வாயில் போட்டார்,
போனை எடுத்துக் குனிந்தார்.
முகத்தில் நீல வெளிச்சம்.
கட்டைவிரல் எதையோ தேடி மேலேறி, நின்று,
ஒருமுறை அழுத்தியது.

நான் எதுவும் கேட்கவில்லை.
இறங்கி நடந்தேன்.
என்னிடம் சான்று இல்லை.