குறை பார்க்கிறவள்

பதினோரு வருஷம் கார்க் கதவுகளைத் தடவினேன்.
வெள்ளைக் கையுறை, தலைக்கு மேல் ட்யூப் லைட் வரிசை,
நிமிஷத்துக்கு ஒரு வண்டி.
மயிரிழைக் கீறலென்றாலும்
சிவப்பு ஸ்டிக்கர்.
அவ்வளவுதான் வேலை. அதில் நான் கெட்டி.

கொரியாவுக்குத் திரும்பும் நாளில்
யூன் சார் மேசையைக் காலி செய்தபோது
துணிச்சுருட்டிலிருந்து ஒரு கிண்ணம் வந்தது.
விளிம்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.
சாம்பல்நிற மண்மேல்
யாரோ சுண்ணாம்படிக்க ஆரம்பித்து
பாதியில் எழுந்து போனதுபோல் வெள்ளை.
கை தானாகப் போய் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டது.
பார்த்தார். சிரித்தார்.
பிய்க்காமலே பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் கேமரா வந்தது.
என்னைவிட நன்றாகக் குறை பார்க்கும்,
டீ குடிக்கப் போகாது.

கணக்குத் தீர்த்துத் தந்த பணத்தில்
எர்ணாவூரில் பஞ்சர் கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகை,
ஒரு சக்கரம், ஒரு கேஸ் சூளை.
செல்போனில் கொரிய வீடியோ ஓடும்.
பேச்சு புரியாது, கை புரியும்.
அவர்கள் வைக்கோல் தூரிகையால் வெள்ளையை இழுக்கிறார்கள்.
என்னிடம் இருப்பது தேய்ந்த தென்னந்துடைப்பம்.
மெருகுக்கு அனல்மின் நிலையச் சாம்பல்,
மொட்டைமாடியில் காயும் துணிமேல் இறங்குகிறதே
அதேதான்.
சலித்து, கரைத்து, வேறு பொடிகள் சேர்த்துச் சுட்டால்
இத்தனை நாள் எங்கள் மூக்குக்குள் போனது
உருகிக் கண்ணாடியாகிறது
குட்டைப் பாசி நிறத்தில்.

கன்டெய்னர் லாரி போனால் சக்கரம் அதிரும்.
விளிம்பில் ஒரு நடுக்கம் தங்கிவிடும்.
எண்ணிச் சொல்லலாம்
இதை வனைகையில் எத்தனை வண்டி துறைமுகம் போயிற்றென்று.

வெள்ளைக் குழம்பில் முக்கும்போது
அடியை மூன்று விரலால் பிடிப்பேன்.
பிடித்த இடம் வெறும் மண்ணாகவே வெந்து வரும்.

ரேஷன் கடை மெஷினுக்கு என் ரேகை தெரிவதில்லை.
மண் தின்றுவிட்டதாம்.
வேற விரல் வைங்க, வேற விரல்.
பாமாயிலுக்கு நாலு நடை.
கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டட்டுமா
என்று கேட்க வாயெடுத்தேன்,
பின்னால் வரிசை நீளமாக இருந்தது.

நேற்று சூளை திறந்தேன்.
பதினாறில் ஐந்து விரிசல்.
மீன் கூடையை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்த சகாயமேரி
இருப்பதிலேயே கோணலானதைத் தூக்கினாள்.
"ஒழுவுதா?"
"இல்ல."
"பின்ன இன்னா?"
தூக்கிலிருந்த பழையதை அதில் கொட்டினாள்.
சுட்ட கருவாடு
சாய்ந்த விளிம்பில் போய்ப் படுத்துக்கொண்டது.

பழைய கைப்பையில் இன்னும் அரைச் சுருள் கிடந்தது.
தேடி, ஒன்றை உரித்து
நிமிர்வதற்குள்
கிண்ணத்தோடு போய்விட்டாள்.
காசு நாளைக்காம்.

அன்றைக்கு முழுக்க என் கட்டைவிரலில்
அந்தச் சிவப்பு.