சின்னது போகிறது

ராத்திரி ஒன்றிலிருந்து நான்கு வரை
குன்னூரை நிறுத்திவைக்க எனக்கு அனுமதி.
கடிதத்தில் இப்படி இல்லை,
'பராமரிப்பு நேரம்' என்றிருந்தது.

மூன்றாவது ஸ்லாட்டில் பழைய அட்டை.
திருகைத் தளர்த்தி இழுத்தேன்.
பதினொரு வருஷத் தூசி
டஸ்ட் டீ நிறத்தில் விரலோடு வந்தது.
மணிக்கட்டில் எர்த் வயர்.
ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டாயிற்று,
கம்பளி பொறி தட்டும்.
ஜூலைக் குளிரில் இந்த வேலைக்கு
தனிப் படி கேட்டு எழுதியிருக்கிறோம்.

புதியது 'டக்'கென்று உட்கார்ந்தது.
ஃபைபர் முனையைத் துடைத்தேன்.
இன்னொரு தரம் துடைத்தேன்,
இந்த ஊரில் பனி எதற்குள்ளும் போகும்.
முகவரி கொடுத்தேன். வேகம் நூறு ஜி.
ஷட்டௌனை எடுத்தேன்.
ஆரஞ்சு.
ஆரஞ்சு.
பச்சை.

மேட்டுப்பாளையத்திலிருந்து இருதயராஜ்:
"பிங் வருது மேடம், அஞ்சுக்கு அஞ்சு."

ஆனால் கட்டபெட்டு ஆஸ்பத்திரி ஸ்கேன் படங்கள்
கிளம்புகின்றன,
சேரவில்லை.
திரை சொல்கிறது: அப், அப்.
பிழைக் கணக்கில் பூஜ்யம்.
மணி மூன்று பத்து.
கேபிளை மாற்றினேன், வீண்.
அட்டையைத் திட்டினேன், கொஞ்சம் ஆறுதல்.

பர்லியார்ப் பக்கம் கொண்டை ஊசி வளைவில்
பைக் திரும்பும், ஜீப் திரும்பும்,
கன்டெய்னர் லாரி மூக்கை நுழைத்துவிட்டு நிற்கும்.
கீழே செக்போஸ்ட்டில் கேட்டால்
"ரோடு ஓப்பன்தான், போங்க" என்பார்கள்.

சின்னது போகிறது.
அட, சின்னது மட்டும் போகிறது.

எம்டியூ.
அவர் முனையில் ஒன்பதாயிரம்.
என் முனையில், கம்பெனியிலிருந்து வந்தபடியே
ஆயிரத்து ஐந்நூறு.
'துண்டாக்காதே' என்று நெற்றியில் எழுதிவந்த பொட்டலங்களை
வாங்கி வாங்கி
யாருக்கும் சொல்லாமல் கீழே போட்டுக்கொண்டிருந்திருக்கிறது
இந்தப் பச்சை விளக்கு.

ஒரே வரி. அடித்தேன். கமிட்.
வரைபடக் கோடு எழுந்து
மேல் விளிம்பில் முட்டியது.

ஆறு வருஷமாய் இந்த மனிதரோடு பேசுகிறேன்.
ஹலோ. கேக்குதா. அப் ஆயிடுச்சா. வெச்சிடறேன்.
முகம் தெரியாது.
வழக்கம்போல் வைப்பார் என்றிருந்தேன்,
வைக்கவில்லை.
அவர் பக்கத்து ஃபேன் சத்தம் கொஞ்ச நேரம் வந்தது.

"மேடம், அந்தப் படத்துல ஒண்ணு
எங்க அக்காவோடது.
தலைல என்னமோ இருக்குன்னாங்க.
காலைல கோயமுத்தூர் டாக்டர் பாக்கணும்.
முதல்லயே சொன்னா நீங்க பதறுவீங்கன்னு..."

எனக்குள் வந்ததெல்லாம்
அறுபத்துநாலு பைட்டைத் தாண்டவில்லை.
"போயிடுச்சு சார்" என்றேன்.
"எல்லாப் படமும் போயிடுச்சு."

பழைய அட்டையை நுரைப் பெட்டியில் வைத்து
சீரியல் நம்பர் எழுதினேன், ஒரு எண் தப்பி
அடித்து எழுதினேன்.
வாட்ச்மேன் பெள்ளி கதவைத் தட்டாமல் திறந்து
உதட்டில் விரல் வைத்தார்:
"இப்ப எறங்காதீங்க. ஜீப்புகிட்ட காட்டெருமெ."

ஜன்னலுக்கு வெளியே,
பனியில் பாதி, தெருவிளக்கில் பாதி,
கேட்டை முழுசாய் அடைத்துக்கொண்டு நின்றது.
நான்கு மணி தாண்டிவிட்டது.
அனுமதி முடிந்துவிட்டது.
அதனிடம் யார் சொல்வது.