பிரதியில் இல்லாத சொல்

கார்பன் தாளின் நீலம் இன்னும் அழியவில்லை.
என் கையெழுத்துதான்.
'அறிவிப்பாளர் ம. தேசம்மா,
காலை வானிலை அறிக்கையில்
பிரதியில் இல்லாத ஒரு சொல்லைச் சேர்த்தமைக்கு
மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும்.'

பிரதி சொன்னது இப்படி:
வடகிழக்குத் திசையிலிருந்து
மணிக்கு ஐம்பது முதல் அறுபது கிலோமீட்டர் வேகத்தில்.
அட்சரம் பிசகாமல் வாசித்தாள்.
நிறுத்தினாள்.
ஒலி அளக்கும் ஊசி சும்மா கிடந்தது.
பிறகு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறவள் போல,
"வாடைக்கொண்டல். பெருசா வருது. போவாதீங்க."

எண்ணிப் பார்த்தால் நான்கு சொற்கள்.
மெமோவில் ஒன்று என்றுதான் எழுதினேன்.
மற்ற மூன்றும் என் காதில் விழவில்லை
என்று வைத்துக்கொண்டேன்.

விளக்கம் ஒரே வரியில் வந்தது:
'ஐயா, காசிமேட்டில் காற்று கிலோமீட்டரில் வீசுவதில்லை.'

குரல் தேர்வுக்கு அவள் வந்தது டோல்கேட் பஸ்ஸில்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்.
பழவேற்காடு, எழும்பூர், கீழ்ப்பாக்கம்
என்று தேடித்தேடிக் கொடுத்தார்கள்,
ராயபுரம் தாண்டி வந்த நாக்கு எங்கே வழுக்கும் என்று.
வழுக்கவில்லை.
"ஊட்ல ஒண்ணு, வெளில ஒண்ணு சார்,
செருப்பு மாதிரி" என்றாள்.
தேசிகா என்று பேரை மாற்றிக்கொள்ளலாமே,
நன்றாக இருக்கும், என்றார் இயக்குநர்.
"ரேஷன் கார்டுல தகராறு ஆயிடும் சார்."

முப்பத்தொரு வருடம்.
தலைவர்கள் இறந்ததை, நெல் விலையை,
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏறியதை,
அது இறங்கியதை.
ஒருமுறை, கரை திரும்பாத விசைப்படகின் எண்ணை
இரண்டு தரம் வாசித்தாள்.
நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

நடுவில் தொலைக்காட்சி.
ஒப்பனைக்காரர் அவள் நிறத்தை
நான்கு தெரு தள்ளிக் குடிவைத்தார்.
இடுப்புக்கு மேலே பட்டு,
மேசைக்குக் கீழே
மழைச்சேற்றோடு ரப்பர் செருப்பு.
அன்றிரவு ஐஸ் கம்பெனி வாசலில் பெட்டியைச் சுற்றி
கூட்டமாம். வலை முடிகிறவர்கள் கையில் ஊசியோடே பார்த்தார்களாம்.
யாரோ ஒரு கிழவர் சொன்னாராம்,
"இது அச்சு அசல் நம்ம தேசம்மா மாதிரியே கீதுபா."

ஓய்வு பெற்ற பிறகு ஒரு தனியார் சேனல்.
திரையில் புயல் சிவப்பாகச் சுழல
காதுக்குள் ஒரு பையன்:
"இன்னும் கொஞ்சம் பதற்றமா மேடம்."
பதினோரு நாள் போனாள்.

ஏன் விட்டாள் என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது.
ஞாயிறு. மீன்பிடித் துறைமுகம். விடியவில்லை.
வஞ்சிரம் என்ன விலை என்று கேட்டேன்,
செய்தி அறைத் தமிழில்.
எண்ணூறு என்று சொல்லிவிட்டு
முகத்தைத் திருப்பிக்கொண்டாள் மீன்காரி.
பின்னால் ஒரு குரல்.
"இன்னா மெமோ சார், இன்னும் உயிரோட கீறியா?"
அவளிடம்: "யம்மா, நம்ம ஆளு. ஐந்நூறு போடு."

நம்ம ஆளு.

டீ வாங்கிக் கொடுத்தாள்.
"பதறுனா எவனும் நம்ப மாட்டான் சார்.
மெதுவா சொன்னாத்தான் பயப்படுவான்.
அந்தப் புள்ளைக்கு அது புரியல."
இவ்வளவு வருடம் கழித்துக் கேட்டேன்,
அந்தக் காலை, அவள் சொன்னதைக் கேட்டு
எத்தனை படகு போகாமல் நின்றது?
அவள் வடக்கே எண்ணூர்ப் பக்கம்
புகைபோக்கிப் புகை சாய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அதெல்லாம் யாரு எண்ணுறது?
போனதைத்தான் எண்ணுவாங்க."

மீன்காரி கத்தியை நிறுத்திவிட்டு
தலை வேணுமா என்றாள்.
போடச் சொன்னேன்.