நனைவது

நடுங்கும் கைக்கு ஒரு கரண்டி செய்யச் சொன்னார்கள்.
ராக்ன்ஹில்ட் எதையும் வரையவில்லை.
கிண்ணம் நிறையப் பட்டாணி சூப்போடு
பெர்கனின் மலைச்சாலை ஏறும் பேருந்தில்
கடைசி இருக்கையில் உட்கார்ந்தாள்.
வளைவுக்கு வளைவு மடியில் சிந்தியது.
கறைகளை அளந்து குறித்துக்கொண்டாள்.

பொம்மலாட்ட அரங்குக்குச் சுவரொட்டி:
வெற்றுத்தாளை மூன்று நாள்
மழைக்குக் கொடுத்தாள்.
எங்கே கிழிகிறதோ
அங்கே எழுத்து வேண்டாம்.

பேருந்து நிறுத்தத்தின் கூரைதான்
பிடிபடவே இல்லை.
பிடரியில் சொட்டச் சொட்ட ஒரு வாரம் நின்றாள்.
கடைசியில்
கரண்டியின் விளிம்பையே
பெரிதாக்கி வரைந்தாள்,
சிந்தாமல் உள்மடங்கும் உதடு.

"உன் வழிமுறை என்ன?" என்றார் தேர்வாளர்.
"நனைவது."

எங்கள் அறைக் கதவு மட்டும் மூடாது.
அட்டையை மடித்துச் செருகி
ஒன்றரை வருடமாகிறது.